மூன்றாவது கோப்பு

ஜூன் 19, வியாழன்

பதினைந்தாவது முயற்சியும் வீண். புற ஊதா விளக்கின் கீழ் ஆறு மணி நேரம் வைத்து எடுத்ததில் பழுப்புப் பிசினும், நான் உள்ளே போட்ட பழைய பொருளும்தான் மிஞ்சின.

என் நெறியாளர் சிதம்பரநாதன் சார் ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, மூடிச்சா?"

கூண்டைத்தான் கேட்கிறார். இல்லை என்று தலையாட்டினேன்.

"ஜெசிந்தா கைக்கு வந்துச்சு, உன் கைக்கு வரமாட்டேங்குது. கைதாம்மா விஷயம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

என் கைகளைப் பார்த்தேன். விரல் நுனிகளில் தோல் உரிந்திருக்கிறது.

வேதியியல் தெரியாத ஒருவருக்கு என் ஐந்து வருடங்களை எப்படிச் சொல்வது என்று சில சமயம் யோசிப்பேன். பன்னிரண்டு கார்பன்கள். ஆறு ஆறாக இரண்டு வளையங்கள், ஒன்றின் தலைமேல் ஒன்று, நடுவே ஆறு தூண்கள். அவ்வளவுதான் கூண்டு. கார்பனின் கைகள் நன்றாக விரிந்திருக்கவே விரும்பும். இதில் ஒவ்வொன்றையும் செங்கோணத்துக்கு மடக்கிக் கட்ட வேண்டும். கட்டியது அவிழத் துடித்துக்கொண்டே இருக்கும். ஆனால் பன்னிரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி என்பதால், என்.எம்.ஆர். இயந்திரத்தின் காந்தத்துக்குள் வைத்தால் ஒரே ஒரு கோடு விழும். சாதாரணப் பொருள்கள் புதர் போலக் கோடுகளை எழுப்பும். இது ஒற்றைப் பனை.

ஆறு வருடங்களுக்கு முன்பு, இதே ஆய்வகத்தில் முனைவர் பட்ட மாணவியாக இருந்த ஜெசிந்தா அக்காவுக்கு, பழைய பொருளின் கோடுகளுக்கு நடுவே அந்த ஒற்றைக் கோடு விழுந்தது. ஒரே நாள்தான் இருந்தது. மறுநாள் கூண்டு அவிழ்ந்து பழைய பொருளாகிவிட்டது என்று கட்டுரையில் எழுதினார்கள். கோடு விழுந்த அன்று சார் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். நான் அப்போது எம்.எஸ்சி. புராஜெக்ட் மாணவி. எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் இங்கேயே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன்.

ஜூன் 23, திங்கள்

விடுதியில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. காலையில் லாரி வந்ததும் இரண்டு வாளி பிடித்து, ஒன்றில் துணி, ஒன்றில் குளியல்.

மாலை ஜெசிந்தா அக்கா போனில் பேசினாள். தூத்துக்குடிக்கு அருகே ஒரு தனியார் மகளிர் கல்லூரியில் ஆறு வருடமாகப் பாடம் எடுக்கிறாள். வாரத்துக்கு இருபத்திரண்டு வகுப்பு, விடைத்தாள், என்.எஸ்.எஸ். முகாம். ஆய்வு என்று ஒன்றும் இல்லை. அங்கே ஒரு நல்ல தராசுகூடக் கிடையாது.

"ஏட்டி மங்கை, இன்டர்வியூ கார்டு வந்துட்டு. ஜூலை பதினாறு. நம்ம டிபார்ட்மென்ட்லயே. நெனச்சுப் பாத்தியா, நான் கழுவுன சிங்க்குப் பக்கத்துல எனக்கு ஒரு ரூம் தருவாவ!"

"கண்டிப்பா கிடைக்கும் அக்கா."

"எனக்கு முப்பத்தாறு ஆவுது. இதோட விட்டா அவ்வளவுதான், இங்கனயே கெடந்து சாவ வேண்டியதுதான். என்கிட்ட இருக்கது அந்த ஒரு பேப்பர். மத்ததெல்லாம் சும்மா எண்ணிக்கைக்கு. உனக்கு ஒருதடவையாச்சும் வந்துச்சா?"

"இந்தத் தடவை கிட்ட வந்துச்சு அக்கா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பதினைந்தாம் தேதியே வந்து என் அறையில் தங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

ஜூலை 1, செவ்வாய்

என்.எம்.ஆர். அறையின் பழைய கணினியைக் கழித்துக் கட்டப்போகிறார்கள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் சாகுல் அண்ணன் சொல்லியனுப்பினார்.

"உங்க ஆளுங்க சரக்கெல்லாம் இதுலதான் கிடக்கு. வேணும்னா பென் டிரைவ்ல ஏத்திக்க. அப்புறம் அண்ணன் அழிச்சிட்டாருன்னு என் தலையில போடக்கூடாது."

"ஏத்திக்கிறேன் அண்ணே."

"ஜெசிந்தா ஓட்டுனதும் இருக்கு. அன்னைக்கு உங்க சார் எனக்கு ரெண்டு துண்டு ஸ்வீட்டு குடுத்தாரு. அப்பவே சுகர் எனக்கு. இருந்தும் தின்னேன்."

எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டேன். அசல் கோட்டை நேரடியாகப் பார்த்தால் என் தவறு எங்கே என்று புலப்படலாம்.

ஜூலை 3, வியாழன்

ஜெசிந்தா அக்கா ஓட்டிய நாளின் கோப்புறையில் இரண்டு கோப்புகள் இருக்கும் என்று நினைத்தேன். மூன்று இருக்கின்றன.

முதலாவது ஹைட்ரஜன். இரண்டாவது கார்பன். இரண்டும் கட்டுரையில் வந்தவை, எனக்கு மனப்பாடம். மூன்றாவதை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. சாகுல் அண்ணன் வழக்கப்படி மூன்று சோதனைகளையும் வரிசையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். இயந்திரம் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி முடித்திருக்கிறது. காலையில் இரண்டு தாள்களே போதுமானதாக இருந்திருக்கின்றன. அதற்குள் இனிப்பும் வந்துவிட்டது.

மூன்றாவது சோதனை ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லும். ஒரு ஹைட்ரஜனைப் பிடித்திருக்கும் கார்பன் மேல்நோக்கிக் கோடு போடும். இரண்டைப் பிடித்திருப்பது கீழ்நோக்கிப் போடும். கூண்டில் ஒவ்வொரு கார்பனும் பிடித்திருப்பது ஒன்றே ஒன்று. ஆகவே கோடு மேலே போக வேண்டும்.

கீழே போகிறது.

தாளைத் தலைகீழாக அச்சடித்துவிட்டேனோ என்று திருப்பிக்கூடப் பார்த்தேன்.

ஜூலை 4, வெள்ளி

துணி துவைத்தேன். காற்று அதிகம். மழை இல்லை.

ஜூலை 7, திங்கள்

கூண்டு இல்லையென்றால் அது என்ன? ஒரே கோடு, கார்பனிலும் ஒரே கோடு, ஒவ்வொரு கார்பனிலும் இரண்டு ஹைட்ரஜன்.

என்.எம்.ஆர். அறைச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. ஆய்வகத்தில் புழங்கும் கரைப்பான்கள் சோதிக்கும் பொருளில் கலந்துவிட்டால் எந்த எண்ணில் கோடு போடும் என்று காட்டும் பட்டியல். முதலாண்டு மாணவர்களுக்கு அதைக் காட்டித்தான் பாடம் தொடங்குவோம். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினேன். டைகுளோரோஈத்தேன். ஹைட்ரஜன் மூன்று புள்ளி ஏழு மூன்று. கார்பன் நாற்பத்துமூன்று புள்ளி ஐந்து.

கட்டுரையில் இருக்கும் அதே இரண்டு எண்கள்.

ஒருநாள்தான் தாங்கியது, பிறகு அவிழ்ந்துவிட்டது என்று எழுதினார்களே, எதுவும் அவிழவில்லை. பொருளை வைத்திருந்த கண்ணாடிக் குழாயிலிருந்து எடுத்து வற்ற வைத்தபோது கரைப்பான் ஆவியாகிப் போயிருக்கிறது. மிஞ்சியது எப்போதும் இருந்த பழைய பொருள். அதற்கும் கூண்டுக்கும் ஒரே எடை என்பதால் எடைச் சோதனையும் காட்டிக்கொடுக்கவில்லை. இத்தனை வருடமாக எங்கள் கூட்டங்களில் அதன் ஆயுளைப் பற்றி, அதன் தாங்கமுடியாத இறுக்கத்தைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம். நானே போன வருடம் கருத்தரங்கில் இருபது நிமிடம் பேசினேன். ஒரு பேராசிரியர் எழுந்து, கவிதை மாதிரி இருக்கிறது என்றார்.

"என்னம்மா சுவத்தையே பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றார் சாகுல் அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே. கண்ணு எரியுது."

ஜூலை 8, செவ்வாய்

டைகுளோரோஈத்தேன் குழாய்க்குள் எப்படி வந்தது?

என்.எம்.ஆர். குழாய் பென்சிலைவிட மெல்லியது. ஒருமுறை பொருளை வைத்து எடுத்ததும் அசிட்டோனால் அலசி, வெற்றிட அடுப்பில் நான்கு மணி நேரம் உலர்த்த வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அந்த வேலை எப்போதும் கடைசியாக வந்து சேர்ந்தவர்களுடையது. எம்.எஸ்சி. மாணவர்கள் வருவார்கள், ஆறு மாதம் குழாய் கழுவுவார்கள், போவார்கள். யார் எதைக் கழுவினார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது.

பழைய ஆய்வக நோட்டுகள் இருக்கும் அலமாரியைத் திறந்தேன். அந்த வருடத்து எம்.எஸ்சி. நோட்டு அடித்தட்டில் கிடந்தது. அந்தத் தேதியில் இப்படி எழுதியிருக்கிறது: "அசிட்டோன் தீர்ந்துவிட்டது. ஸ்டோரில் நாளைதான் தருவார்கள். குழாய்களை டைகுளோரோஈத்தேனில் அலசினேன். அடுப்பில் வைக்க நேரமில்லை, அக்கா அவசரப்படுத்தினாள். உதறிக் கவிழ்த்து வைத்துக் கொடுத்தேன்."

எழுத்து சின்னதாகவும் ஒழுங்காகவும் இருந்தது. முதல் பக்கத்தில் பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

நோட்டை அலமாரியில் திரும்ப வைக்கவில்லை. என் பையில் இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

சாரிடம் மூன்றாவது கோப்பைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் இவ்வளவு வயதானவர் என்பதை இன்றுதான் கவனித்தேன்.

"வேற யாரு பாத்தா?"

"யாரும் இல்ல சார்."

"இது எப்படிம்மா கலந்துச்சு?"

"தெரியல சார்."

அவர் சன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "பதினாறு முடியட்டும். அந்தப் பொண்ணு ஆறு வருஷம் அங்க கிடந்து வேகுது. முடிஞ்சதும் நானே பத்திரிகைக்கு எழுதுறேன். ஆறு வருஷம் இருந்த பொய் இன்னும் ஆறு நாள் இருந்தா ஒண்ணும் ஆயிடாது."

சரி சார் என்று வந்துவிட்டேன். வெளியே வந்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் இப்போது எழுதும்போது அருவருப்பாக இருக்கிறது.

ஜூலை 12, சனி

அம்மா பேசினாள். எப்போது முடியும் என்று கேட்டாள். முடியும் என்றேன்.

நூலகத்தில் மதியம் முழுக்க ஒரு நாவலோடு உட்கார்ந்திருந்தேன். அதில் ஒருவன் ஒரு கடிதத்தைக் கொடுக்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறான், கொடுத்தால் ஒரு குடும்பம் உடைந்துவிடும் என்று. அவனைப் பெரிய மனதுக்காரன் என்றுதான் முன்பு படித்தபோது நினைத்திருந்தேன். இன்று அப்படித் தோன்றவில்லை. கடிதத்தில் அவனைப் பற்றியும் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

அக்கா எதையும் அறியாமல் பதினாறாம் தேதி கரும்பலகை முன் நின்று, அந்த ஒற்றைக் கோட்டை வரைவாள். வேலை கிடைக்கும். பிறகு ஒருநாள் சார் கடிதம் போடுவார். தெரிந்தே மறைத்து வேலை வாங்கினாள் என்று ஊர் சொல்லும். தெரியாது என்று அவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

சொல்லாவிட்டால் இது. சொன்னால் இப்போதே போய்விடும்.

நோட்டின் அந்தப் பக்கம் எளிதாகக் கிழியக்கூடியது. தையல் தளர்ந்திருக்கிறது. தகவலுக்காக எழுதி வைக்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

பேருந்து நிலையத்துக்குப் போய் அக்காவை அழைத்து வந்தேன். இளைத்திருக்கிறாள். ஒரு பையில் புதுப்புடவை, இன்னொரு பையில் எனக்காக மக்ரூன்.

"என்னட்டி இப்படி காஞ்சு கெடக்க? சோறு போடுதாவளா இல்லையா விடுதியில?"

"போடுறாங்க அக்கா. தின்னத்தான் முடியாது."

சிரித்தாள். அறைக்கு வந்ததும் புடவையை விரித்து, கட்டிலின் குறுக்கே போட்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சாம்பல் நிறம், மெரூன் கரை. நன்றாக இருந்தது. நாளை பேசப்போவதை எனக்கு ஒருமுறை பேசிக் காட்டுவதாகச் சொல்லி, அலமாரிக் கதவைக் கரும்பலகையாக்கி, விரலால் வரையத் தொடங்கினாள். இரண்டு அறுகோணங்கள், ஆறு தூண்கள். அவள் குரல் மாறியது. ஆறு வருடம் சின்ன வகுப்புகளில் தேய்ந்த குரல் இல்லை அது.

தூண்களை அவள் முடிக்கும் முன் தாளை எடுத்துக் கட்டிலில் வைத்தேன்.

"என்னது?"

"உங்க சாம்பிள்தான் அக்கா. அன்னைக்கு ஓட்டினது. மூணாவது ஒண்ணு இருந்திருக்கு."

எடுத்துப் பார்த்தாள். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கீழ போகுதே" என்றாள். மெதுவாக, வேறு யாருடைய தாளையோ படிப்பதுபோல. புடவை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "கீழல்லா போகுது."

சிறிது நேரம் கழித்து அவளே எண்ணைக் கண்டுபிடித்தாள். "டைகுளோரோ. ஆமா. அந்த வாரம் ஷெல்ஃப்ல ஒரு பாட்டில் இருந்துச்சு." பிறகு நிமிர்ந்தாள். "குழாய யாருட்டி கழுவுனா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பார்த்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

"சாப்பிடப் போவமா" என்றாள். போனோம். தட்டில் வைத்ததை இருவரும் முழுதாகச் சாப்பிட்டோம்.

ஜூலை 16, புதன்

ஏழு மணிக்கே குளித்துப் புடவை கட்டினாள். நேற்றுக் கசங்கிய இடத்தை நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

"போகணுமா அக்கா?"

"கூப்பிட்டிருக்காவல்லா. போகாம?"

மதியம் நேராக அங்கிருந்தே பேருந்து ஏறிவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. பையை எடுக்க என் அறைக்கு வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

சார் கூப்பிட்டனுப்பினார். அறைக்கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீ சொல்லிட்டியா அவகிட்ட?"

"சொல்லிட்டேன் சார்."

"உள்ள போய் போர்டுல கூண்ட வரைஞ்சிருக்கா. முழுசா வரைஞ்சிட்டு, இத நான் செஞ்சதா ஆறு வருஷம் நம்பினேன், செய்யல, தப்புன்னு நேத்துதான் தெரிஞ்சதுன்னு சொல்லிட்டு சாக்பீஸ வச்சிருக்கா. எப்படி நடந்துச்சுன்னு கேட்டிருக்காங்க. குழாய நான்தான் அவசரத்துல சரியா கழுவாம விட்டுட்டேன்னு சொல்லியிருக்கா."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"குழாயே கழுவத் தெரியாதவளுக்கு எப்படிப்பா வேலை குடுக்கறதுன்னு ஒருத்தர் கேட்டாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம்." சார் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். "இன்னொருத்தருக்குக் குடுத்தாச்சு. போ. போய் வேலையப் பாரு."

ஜூலை 21, திங்கள்

பத்திரிகைக்குப் போகும் கடிதத்தைச் சார் எழுதி முடித்துவிட்டார். எனக்கும் படிக்கக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் ஜெசிந்தா அக்காவின் பெயர் இருக்கிறது. தன் கையொப்பத்தை அவள் போட்டு அனுப்பிவிட்டாள். என் ஆய்வேட்டுக்கு ஆபத்தில்லை என்று சார் சொன்னார். கூண்டுக்கு முந்தைய ஒன்பது படிகளும் என் கையால் செய்தவை, அவற்றை வைத்துச் சமர்ப்பிக்கலாம்.

"நீ பொழைச்சம்மா. உன் பேரு எதுலயும் இல்ல."

உண்மைதான். எதிலும் இல்லை. விடுதிக்கு வந்து பையைத் திறந்தேன். மூடினேன். தண்ணீர் லாரி வந்தது. இரண்டு வாளி.

ஜூலை 23, புதன்

நோட்டைச் சாரின் மேசையில், அந்தத் தேதி தெரியும்படி திறந்து வைத்தேன்.

அவர் படித்தார். முதல் பக்கத்துக்குத் திருப்பினார். மங்கையர்க்கரசி, எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. அதையும் படித்தார்.

"நான் கழுவினது சார். பத்தாம் தேதி நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும். பையில இருந்துச்சு."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான் சொல்லல. தெரிஞ்சுக்கிட்டாங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை எடுத்து, அக்காவின் பெயர் இருந்த வரியை அடித்து, பேனாவை என் பக்கம் தள்ளினார். நானே என் பெயரை எழுதினேன்.

"மறச்ச ஆளு எழுதுன ஒன்பது படிய நான் எப்படிம்மா கையெழுத்துப் போட்டு அனுப்புவேன்? ஒவ்வொண்ணையும் வேற ஒருத்தர் திரும்பச் செஞ்சு பாக்கணும். ஒரு வருஷமோ, ரெண்டோ" என்றார். "வீட்டுல சொல்லிடு."

இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 28, திங்கள்

திருத்திய கடிதம் இன்று அக்காவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. காலை பத்தரைக்கு அழைத்தாள். பின்னணியில் கல்லூரி வராந்தாவின் இரைச்சல்.

"எதுக்குட்டி போய்ச் சொன்ன?"

"உங்க பேரு இருந்துச்சு அக்கா."

"எனக்குப் போனது போயாச்சு. நீ சொன்னா திரும்பி வருமா? உனக்காச்சும் மிஞ்சட்டும்னு பாத்தேன். இப்ப ரெண்டு பேருக்கும் இல்ல."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அன்னைக்கு ரூம்ல கேட்டேம்லா. அப்ப ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா..." நிறுத்திக்கொண்டாள். "சொல்லியிருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா சொல்லியிருக்கலாம்."

"அக்கா..."

"மணி அடிச்சுட்டு. ஃபர்ஸ்ட் இயர் கிளாஸ் எனக்கு."

துண்டித்துவிட்டாள் என்று நினைத்தேன். துண்டிக்கவில்லை. மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா, தெரியவில்லை. பெஞ்சுகள் நகரும் சத்தம், ஐம்பது பெண்கள் எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. வருகைப் பதிவேட்டை வாசித்தாள். நான் விடுதிச் சுவரில் சாய்ந்து நின்று ஒவ்வொரு எண்ணாகக் கேட்டேன்.

பிறகு பாடம். "கார்பனுக்கு எத்தன கை?"

"நாலு மேம்."

"விரிச்சு வச்சா நிம்மதியா இருக்கும். மடக்குனா?"

யாரோ ஏதோ சொன்னார்கள், சிரிப்பு. கூண்டுகளைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டு போனாள், எட்டுக் கார்பனில் ஒருவர் செய்தது, பத்தில் செய்தது. சாக்பீஸ் பலகையில் உரசியது. அப்போது முன்பெஞ்சில் இருந்தோ என்னவோ ஒரு பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது.

"மேம், பன்னெண்டுல நீங்களே ஒண்ணு செஞ்சீங்களாமே. சீனியர் அக்காங்க சொன்னாங்க."

சாக்பீஸ் நின்றது.

"இல்லம்மா" என்றாள் ஜெசிந்தா அக்கா. "பன்னெண்டுல இதுவரைக்கும் யாரும் செய்யல. எழுதிக்கோங்க."